படகும் நீர்ப்பூட்டும்

மாத்தளை நகருக்குத் தெற்கே, கண்டியிலிருந்து வரும் புகையிரதப் பாதையின் ஓரமாக, மலைகள் சூழ அமைந்திருக்கும் சிற்றூர் உக்குவளை. அவ்வூரின் வழியே சுதுகங்கை ஓடுகின்றது. 1976 ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்த ஆற்றில் ஓடியது அந்த மலைகளிற் பெய்த மழைநீர் மட்டுமே. அவ்வாண்டு முதல் மகாவலி கங்கையின் நீரும் அதிற் கலந்து ஓடுகின்றது. கண்டிக்கு அண்மையில் பொல்கொல்ல என்னுமிடத்தில் மகாவலியை மறித்து அணையொன்று கட்டினர். அங்கிருந்து மலையைக் குடைந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் அமைத்தனர். அச்சுரங்கத்தின் வழியாக வரும் நீர் உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிவிட்டுச் சுதுகங்கையில் விழுகின்றது. பின்னர் அம்பன் கங்கையோடு சேர்ந்து, போவத்தென்ன, எலஹெர ஆகிய இடங்களைக் கடந்து, வடமத்திய மாகாணத்து வயல்களுக்குச் சென்று பாய்கின்றது.

நேயர்களே, உக்குவளையிலே படகுப் பூட்டு எதுவும் இல்லை. அவ்வாறிருக்க, படகுகள் கால்வாய்ப் பூட்டுகளில் விபத்துக்குள்ளாகாமற் காப்பது எப்படி என்று கூறவந்த நாம் உக்குவளையில் ஏன் தொடங்கினோம் என நீங்கள் வினவலாம். காரணம் உண்டு. மேலே ஒரு மட்டத்திலும் கீழே வேறொரு மட்டத்திலும் நிற்கும் நீரை ஒரு கதவு பிரித்து நிற்கின்றது. கதவைத் திறப்பவன் ஓரிடத்தில் இருக்கின்றான். திறப்பதன் விளைவை அனுபவிப்பவன் வேறோரிடத்தில் இருக்கின்றான். உக்குவளைக்குக் கீழே ஆற்றில் நீராடும் பிள்ளைக்கும், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு பூட்டினுள்ளே படகில் அமர்ந்திருக்கும் பயணிக்கும் நேரக்கூடிய ஆபத்தின் வேர் இந்த ஒன்றுதான். ஒன்றை நன்கு விளங்கிக்கொண்டால் மற்றதும் விளங்கும்.

முதலில், நீர்ப்பூட்டு என்பது யாது? மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கவேண்டிய மனிதனுக்குப் படிக்கட்டு அமைக்கின்றோம். படகுக்கும் அவ்வாறே ஒரு படி வேண்டும். கால்வாயின் குறுக்கே, இருபுறமும் கற்சுவர் எழுப்பி, முன்னும் பின்னும் கதவுகள் அமைத்து, ஒரு தொட்டிபோன்ற அறையை உண்டாக்குவர். மேலிருந்து வரும் படகு, அறையில் நீர் நிறைந்திருக்கும் வேளையில் உள்ளே நுழையும். மேற்கதவை அடைத்தபின், கீழ்க்கதவின் அடியிலுள்ள மதகுப் பலகைகளை உயர்த்துவர். நீர் வெளியேற, படகும் நீரோடு மெல்ல இறங்கும். உள்ளும் வெளியும் ஒரே மட்டமானதும் கீழ்க்கதவு திறக்கப்படும். படகு தன் வழியே போகும். ஏறவேண்டிய படகுக்கு இம்முறையையே தலைகீழாகச் செய்தல் வேண்டும். இதற்கு எரிபொருள் வேண்டியதில்லை, பாரந்தூக்கி வேண்டியதில்லை. நீரின் எடையே வேலையனைத்தையும் செய்துமுடிக்கின்றது.

இந்த அமைப்புத் தோன்றியதற்கே விபத்துத்தான் காரணம் என்பது அறியத்தக்கது. சீன நாட்டின் பெருங்கால்வாயில், மட்டம் மாறும் இடங்களிலே பாரமேற்றிய படகுகளைச் சரிவான மேடைகளின்மீது கயிறுகட்டி இழுத்து ஏற்றி இறக்கினர். வரித் தானியம் சுமந்த படகுகள் அவ்வாறு இழுக்கப்படும்போது உடைந்தன. உடைந்த படகிலிருந்து தானியம் களவும் போயிற்று. இக்கேட்டைத் தடுக்கவே 984 ஆம் ஆண்டில் சியாவோ வெய்யுவே என்னும் அதிகாரி, இரண்டு கதவுகளுக்கிடையே படகை நிறுத்தி நீரை ஏற்றி இறக்கும் முறையை அமைத்தார். அந்தக் கருத்தே வளர்ந்து வளர்ந்து, 1914 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பனாமாக் கால்வாயில் மாபெரும் கப்பல்களைக் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 26 மீற்றர் உயர்த்திவிடும் அளவுக்கு வந்தது.

நம் நாடுகளுக்கும் இது புதியதன்று. கொழும்பிலே பேரை வாவிக்கும் துறைமுகத்துக்கும் இடையே சரக்குத் தோணிகள் சென்றுவரப் பூட்டுக் கதவுகள் இருந்தன. அந்நகரில் ‘லொக்கேட் ஒழுங்கை’ என்று ஒரு தெரு இன்றும் அழைக்கப்படுவதன் காரணம் அதுவே. சென்னைக் கரையிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கப்பெற்று, பின்னர் பஞ்சகாலத்து வேலையாக விரிவாக்கப்பட்டு, பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்ற நீர்வழியிலும் பூட்டுகள் பல அமைந்திருந்தன. கடலின் ஏற்றவற்றமும் குறுக்கே வந்து விழும் ஆறுகளும் நீர்மட்டத்தை மாற்றியபடியே இருந்தமையால் அவை தேவைப்பட்டன. கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலின் குறுக்கேயுள்ள தண்ணீர்முக்கம் தடுப்பணையிலும், வங்கத்தில் கங்கையாற்றின் பரக்கா அணையருகிலும் படகுகளும் கப்பல்களும் பூட்டுகளின் வழியே செல்கின்றன. இங்கிலாந்திலோ விடுமுறைப் பயணத்துக்காகப் படகை வாடகைக்கு எடுக்கும் குடும்பத்தினர், பெரும்பாலான பூட்டுகளைத் தம் கையாலேயே திறந்து மூடவேண்டும். அந்நாட்டில் வாழும் நம்மவர் பலரும் இன்று அவ்வாறு செல்கின்றனர். ஆதலின் இதன் முறைகளை அறிந்திருத்தல் வீண்போகாது.

நீர் மெல்ல உயர்வதையும் மெல்லத் தாழ்வதையும் பார்த்து நிற்பவனுக்கு இதில் என்ன ஆபத்து என்று தோன்றும். அமைதியான தோற்றமே இங்கு ஏமாற்றுகின்றது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் உள்ள ஒரு பூட்டு. அதன் ஏற்ற இறக்கம் 2 மீற்றர். ஒருமுறை அதனை நிரப்ப 200 கனமீற்றர் நீர் வேண்டும். ஒரு கனமீற்றர் நீரின் எடை ஒரு தொன். ஆகவே சில நிமிட நேரத்தில் 200 தொன் நீர் அந்தச் சிறிய அறைக்குள் பாய்கின்றது. அதே பூட்டின் கீழ்க்கதவை எடுத்துக்கொள்ளுங்கள். கதவின் உட்புறம் நீரின் ஆழம் மூன்றரை மீற்றர், வெளிப்புறம் ஒன்றரை மீற்றர் என்றால், கதவைத் தள்ளும் மிகை அழுத்தம் ஏறத்தாழ 25 தொன் ஆகும். மட்டம் இறங்கி இறங்கி, ஒரு சாண் உயரம், அதாவது 20 சென்ரிமீற்றர் மட்டுமே வேறுபாடு எஞ்சியிருக்கும்போதும், கதவின்மீது ஒன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட விசை இருக்கும்.

இக்கணக்கிலிருந்து முதலாவது விதி பிறக்கின்றது. கதவு அசையவில்லையென்றால் மட்டம் இன்னும் சமமாகவில்லை என்பது பொருள். அதனைப் படகால் இடித்தோ, பலரைச் சேர்த்துத் தள்ளியோ திறக்க முயலலாகாது. மட்டம் சமமானதும் அதே கதவை ஒருவர் தம் முதுகால் மெல்லத் தள்ளித் திறந்துவிடலாம். நீர்ப்பூட்டிலே பொறுமை என்பது வெறும் நற்பண்பு மட்டுமன்று. பாதுகாப்புச் சாதனமும் அதுவே.

இரண்டாவது, எல்லாவற்றிலும் கொடியதும் பலர் அறியாததும் ஆன ஆபத்து, வாயிற்படி. மேற்கதவு அடியிலே ஒரு கற்படியின்மேற் பொருந்தி நிற்கும். அந்தப் படி கதவோடு முடிந்துவிடாமல், பூட்டின் உட்புறமாகவும் சிறிது தூரம் நீண்டிருக்கும். அறை நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. இறங்கிச் செல்லும் படகின் அமரம், அதாவது பின்புறம், அந்தப் படிக்கு நேர்மேலே நின்றுவிட்டால் என்ன நிகழும்? நீர் இறங்கும், படகின் அணியமும் நீரோடு இறங்கும், அமரமோ கல்லின்மேல் அமர்ந்துவிடும். சற்று நேரத்தில் படகு முன்புறமாகச் சரிந்து, முன்வாயிலின் வழியே நீர் உட்புகும். அதற்குமேல் மூழ்குவதற்கு நெடுநேரம் வேண்டியதில்லை. படி எதுவரை நீண்டுள்ளது என்பதைக் காட்டப் பூட்டுச் சுவரில் வெள்ளைக்கோடு இடுவது இங்கிலாந்தில் வழக்கம். இறங்கும்போது படகு முழுவதும் அக்கோட்டுக்கு முன்னே நிற்றல் வேண்டும். கோடு இல்லாத இடத்தில், மேற்கதவிலிருந்து இயன்றவரை விலகி நில்லுங்கள். ஆனால் அணியத்தைக் கீழ்க்கதவின்மேற் சாய்த்துவிடவுங் கூடாது. ஏனெனில் அங்கும் சிக்கல் உண்டு.

அந்தச் சிக்கலே மூன்றாவது ஆபத்து. கதவின் குறுக்குச் சட்டங்கள், சுவரிற் பெயர்ந்து நிற்கும் கற்கள், படகின் முன்னே தொங்கும் கயிற்று மெத்தை ஆகியவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். படகு ஏறும்போது அணியம் ஒரு சட்டத்தின் அடியில் மாட்டினால், நீர் உயர உயரப் படகு உயரமாட்டாது, முன்புறம் அமிழும். இறங்கும்போது ஏதேனும் ஒன்றில் தொங்கினால் படகு சாயும். 1998 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், இங்கிலாந்தின் கார்கிரேவ் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள ஒரு பூட்டினுள்ளே, உல்லாசப் பயணம் சென்ற படகொன்று இவ்வாறு சிக்கி மூழ்கியதில் நால்வர் உயிரிழந்தனர். கடலிலே புயலில் அகப்பட்டு அல்ல. நான்கு சுவருக்குள்ளே, கரையில் நிற்போர் கையெட்டும் தூரத்தில், அமைதியான நீரிலே அவர்கள் மாண்டனர். இதனை நாம் மறத்தலாகாது.

அவ்வாறு படகு சிக்கினால் செய்யவேண்டியது என்ன? இதற்கு விடை எளிது; ஆனால் பதற்றத்திலே நினைவுக்கு வராது. ஆகையால் முன்னரே மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். இறங்கும்போது சிக்கினால், கீழ் மதகுகளை உடனே மூடுங்கள். நீர் இறங்குவது நிற்கும். அதன்பின் மேல் மதகுகளைச் சிறிது சிறிதாகத் திறந்து, நீரை மீண்டும் உயர்த்திப் படகை மிதக்கவிடுங்கள். ஏறும்போது சிக்கினால், மேல் மதகுகளை மூடிவிட்டு, கீழ் மதகுகளைத் திறந்து நீரைத் தாழ்த்துங்கள். சுருங்கச் சொன்னால், எந்த மதகு கேடு செய்ததோ அதனை முதலில் அடைக்கவேண்டும். பிறகுதான் எதிர்மதகைத் திறக்கவேண்டும். முதலாவதை அடைக்காமல் இரண்டாவதைத் திறப்பது அடுப்பை எரியவிட்டுக்கொண்டே பொங்கும் பாலில் நீர் தெளிப்பதை ஒக்கும்.

நான்காவது, கயிறு. பூட்டினுள் படகு அலையாமல் இருக்கக் கரையிலுள்ள கட்டைத்தூணிற் கயிறு போடுவர். ஏறும் படகுக்குக் கயிறு தளரும். இறங்கும் படகுக்கோ இறுகும். கரையில் ஆடு கட்டுவதுபோல் முடிச்சிட்டுவிட்டு ஒருவர் தேநீர் அருந்தப் போய்விட்டால், நீர் இறங்கியபின் பல தொன் எடையுள்ள படகு அக்கயிற்றிலே தூங்கும். கயிறு அறும், அல்லது படகு கவிழும். இறுகிய கயிறு அறும்போது சவுக்குப்போற் சுழன்று ஆளை அடிக்கவும் கூடும். ஆகையினால் கயிற்றைத் தூணில் ஒரு சுற்று மட்டும் சுற்றி, நுனியைக் கையிற் பிடித்துக்கொண்டு, நீர் இறங்க இறங்கக் கயிற்றையும் விட்டுக்கொடுக்கவேண்டும். அதைக் கையிலோ விரலிலோ சுற்றிக்கொள்ளலாகாது. கூரிய கத்தியொன்று படகில் எட்டும் இடத்தில் எப்போதும் இருத்தல் நன்று.

ஐந்தாவது, நீரின் வேகம். ஏறும் பூட்டிலே மதகுகளை ஒரேயடியாக உயர்த்தினால், பாயும் நீர் படகை முன்னும் பின்னும் தூக்கியெறியும். நின்றுகொண்டிருப்போர் விழுவர், அடுப்பிலுள்ள கொதிநீர் கவிழும். கதவிலுள்ள மதகின் வழியே வரும் நீர், படகின் முன்தளத்திலேயே விழுந்து அதனை நிரப்பிவிடவும் கூடும். முதலிலே பாதியளவு, அதுவும் நிலத்தின் அடியாக வரும் மதகு இருந்தால் அதனையே திறந்து, படகு அடங்கிய பின்னரே முழுவதும் திறத்தல் முறை.

இந்த அறிவு நம் நாட்டுக்குப் பழையது என்பதையும் இங்கே கூறுதல் தகும். ஈழத்தின் பழைய குளங்களிலே, அணையின் உட்புறத்தில் ‘பிசோகொட்டுவ’ என்னும் கற்கிணறு போன்ற அமைப்பு உண்டு. ஆழமான குளத்துநீர் மதகின் வழியே மிக்க விசையோடு பாய்ந்து அணையை அரித்துவிடாதபடி, அதன் வெளியேற்றத்தை அடக்கி அளந்துவிடுவதற்காக ஏற்பட்டது அது. இவற்றை ஆராய்ந்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர், 1909 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், தற்கால மதகுக் கோபுரங்களுக்கு இவையே முன்னோடிகள் எனக் காட்டினார். நீரை அடைக்கத் தெரிந்தவன் பாதி அறிந்தவன். அதனை அளவறிந்து விடத் தெரிந்தவனே முழுதும் அறிந்தவன் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

ஆறாவது, மனிதரின் உடலுக்கு நேரும் தீங்குகள். பல தொன் எடையுள்ள படகு சுவரை நோக்கி மெல்ல நகர்வதைக் கண்டு, காலை நீட்டித் தடுக்க முயல்வோர் உளர். படகு மெதுவாகத்தான் வரும். ஆயினும் எலும்பை நொறுக்கிவிட்டுத்தான் நிற்கும். தடுப்பதற்குக் கயிற்று மெத்தை உண்டு, கோல் உண்டு, கைகால்கள் அதற்காக ஏற்பட்டவையல்ல. மதகை உயர்த்தும் பற்சக்கரத்துக்குத் தடுப்புப் பல் ஒன்று இருக்கும். அது விழாத நிலையிற் கைப்பிடியை விட்டுவிட்டால், மதகு தன் பாரத்தாற் கீழே இறங்க, கைப்பிடி காற்றாடிபோற் சுழன்று முகத்தையும் கையையும் உடைத்துவிடும். வேலை முடிந்ததும் கைப்பிடியைக் கழற்றி எடுத்துவிடவேண்டும். ஈரமான கல்விளிம்பில் ஓடலாகாது; கதவுக்குக் கதவு தாவலாகாது; கரைக்கும் படகுக்கும் இடையே குதிக்கலாகாது. நீர் ஏறி இறங்கும் நேரம் முழுவதும் குழந்தைகள் உயிர்காப்புச் சட்டை அணிந்து, ஒரு பெரியவரின் பார்வையில் இருக்கவேண்டும்.

யாரேனும் பூட்டினுள் விழுந்துவிட்டால், முதலில் எல்லா மதகுகளையும் மூடுங்கள். படகின் இயந்திரத்தை நிறுத்துங்கள். சுழலும் விசிறியும் பாயும் நீருமே அவரைக் கொல்வன. பிறகு மிதவை வளையத்தையோ கயிற்றையோ எறியுங்கள். சுவரிற் பதித்த ஏணியைக் காட்டுங்கள். பாசத்தால் உந்தப்பட்டு மற்றொருவரும் குதித்தால், காப்பாற்ற வேண்டியவர் இருவராவர்.

இவை அனைத்துக்கும் மேலாக ஒரு விதி உண்டு. பூட்டை இயக்கும் வேளையில் கட்டளையிடுபவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும். படகிலிருப்பவர் கையை உயர்த்திச் சைகை காட்டும் வரை கரையிலிருப்பவர் மதகைத் தொடலாகாது. ‘நிறுத்து’ என்னும் சொல்லை யார் சொன்னாலும், சிறுபிள்ளை சொன்னாலும், உடனே நிறுத்தவேண்டும். காரணம் கேட்பதை நிறுத்தியபின் வைத்துக்கொள்ளலாம். மதகைத் திறப்பவனின் கண் சுழலும் சக்கரத்தின்மேல் அன்று, படகின்மேலேயே இருக்கவேண்டும். மேலே கூறிய விபத்துகளிற் பெரும்பாலானவை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர் வேறெங்கோ பார்த்தமையால் விளைவன.

இனி, மீண்டும் உக்குவளைக்கு வருவோம். மின்நிலையத்துக்குக் கீழே ஓடும் ஆறு, மழையினால் மட்டும் பெருகும் ஆறன்று. சுழலிகள் ஓடும்போது நீர் கூடும், நிற்கும்போது குறையும். வானம் தெளிந்திருக்கும் ஒரு பகற்பொழுதிலே, பாறைகள் காய்ந்து கிடக்கின்றன என்று நம்பி நட்டாற்றிற் சென்று அமர்பவர், தாம் ஒரு பெரிய பூட்டினுள்ளே அமர்ந்திருப்பதை மறந்துவிடுகின்றார். அவரைக் காணாத ஒருவர், காணமுடியாத தூரத்திலிருந்து, தம் கடமையைச் செய்யும்போது நீர் உயரும். பூட்டிலாவது கை உயர்த்திச் சைகை காட்டலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

ஆகையினால் அத்தகைய ஆறுகளில் நீராடுவோர் சில வழக்கங்களைக் கைக்கொள்ளல் வேண்டும். அவ்வூராரைக் கேட்டறியாமல் இறங்கலாகாது. எச்சரிக்கைப் பலகையையும் எச்சரிக்கை ஒலியையும் அலட்சியம் செய்யலாகாது. நீரோரத்தில் ஒரு குச்சியை நட்டு, அடிக்கடி அதனைப் பாருங்கள். நீர் அதன்மேல் ஏறத் தொடங்கினால் உடனே வெளியேறுங்கள். நீர் கலங்குதல், சருகும் நுரையும் மிதந்து வருதல், ஆற்றின் ஓசை தடித்தல் ஆகியவையும் அறிகுறிகளே. வெளியேறும்போது நீரோட்டத்தோடு கீழ்நோக்கி ஓடாமல், அண்மையிலுள்ள கரையை நோக்கி நேரே மேலேறவேண்டும். துணியையும் சோப்பையும் எடுக்கத் திரும்புதல் வேண்டா. பிள்ளைகளை ஆற்றின் நடுப்பாறைக்கு அனுப்பிவிட்டுக் கரையிற் பேசிக்கொண்டிருத்தல் எக்காலத்திலும் தகாது.

நேயர்களே, நீரை நாம் அடக்கிவிட்டோம் என்று சொல்லுகின்றோம். உண்மையில் நீர் அடங்குவதில்லை, காத்திருக்கின்றது. கதவுக்குப் பின்னே அது காத்திருக்கும் வரை நமக்கு ஒளி தருகின்றது, வயலை விளைவிக்கின்றது, படகை மலையேற்றுகின்றது. அந்தக் கதவைத் தொடுபவர் கீழே யார் இருக்கின்றார் என ஒருமுறை பார்த்துத் தொடவேண்டும். கீழே இருப்பவர் மேலே ஒரு கதவு இருக்கின்றது என்பதை எப்போதும் நினைவில் வைத்திருக்கவேண்டும். இவ்விரண்டு நினைவுகளும் இருக்குமாயின், உல்லாசமாகப் புறப்பட்ட ஒரு குடும்பம் மாலையில் ஒருவரும் குறையாமல் வீடு திரும்பும்.